கண் எடுக்கும் நாள்

திங்கட்கிழமை மணியடித்துப் பத்து நிமிஷமாகியும் மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பெண்தான் உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"மத்தவங்கல்லாம் எங்கம்மா?" என்றார் அப்பாதுரை வாத்தியார்.

"நீங்க கண்ணை எடுத்துடுவீங்கன்னு வூட்லயே குந்திக்கினாங்க சார்."

"நீ மட்டும் எப்படி வந்தே?"

"எங்கம்மா ஊருக்குப் போயிருக்குது. தடுக்க ஆளில்ல."

அப்பாதுரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. முசரவாக்கத்திலிருந்து தினமும் சைக்கிளில் பிள்ளையார்பாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்துபோகும், கல்யாணம் ஆகாத வாலிபர் அவர். எழுபத்திரண்டாம் வருஷத்து ஐப்பசியில், அரசாங்கக் கண் வைத்திய வண்டி வருகிறது, பிள்ளைகள் அத்தனை பேரையும் காட்டிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்.

சனிக்கிழமை அவர் போர்டில் எழுதிப் போட்டது இவ்வளவுதான்: 'புதன்கிழமை பிள்ளைகளின் கண் கணக்கு எடுக்கப்படும். தவறாமல் வரவும். காசு கிடையாது.'

அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் பார்த்தார். 'புதன்கிழமை பிள்ளைகளின் கண் எடுக்கப்படும். தவறாமல் வரவும். காசு கிடையாது.'

"கணக்கு எங்கம்மா?"

"வடிவாம்பாளைப் பாத்து எழுதினோம் சார். அது எழுத்துதான் அழகா இருக்கும்."

கடைசி பெஞ்சு வடிவாம்பாளுக்குப் போர்டு தெரியாது. தெரிந்ததை எழுதியிருக்கிறாள். அழகான எழுத்தாயிற்றே என்று வகுப்பே அதைக் காப்பியடித்திருக்கிறது.

வாத்தியார் நேரே அவள் வீட்டுக்குப் போனார். அப்பா திருஞானசம்பந்தம் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அது எழுத்துப் பிசகுங்க. உங்க பொண்ணைத்தான் முக்கியமா டாக்டர் பாக்கணும். அவளுக்குப் பார்வை சரியில்ல."

"நல்லா கீதே சார். அறுந்த இழையெல்லாம் அதுதான் முடிபோடுது."

"கிட்டத்துல தெரியும். எட்டத்துல தெரியாது."

"எட்டத்துல இன்னா இருக்குது அதுக்குப் பாக்க?"

வாத்தியார் தறியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"இன்னாதான் செய்வாங்க சொல்லு சார்" என்றார் திருஞானசம்பந்தம்.

"ஒண்ணுமில்லீங்க. கண்ணுல ரெண்டு சொட்டு மருந்து விடுவாங்க. கொஞ்ச நேரம் மங்கலாத் தெரியும். அப்புறம்..."

தறிச் சத்தம் நின்றது. அப்புறம் என்ன என்று கேட்க யாருக்கும் பொறுமை இல்லை. சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பரவிவிட்டது: மருந்து ஊற்றி மங்க வைத்து, மங்கியிருக்கும்போதே எடுத்துவிடுகிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை அப்பாதுரைக்கு ஒரு யோசனை. தலைமையாசிரியரின் மூக்குக்கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். டாக்டர் கொடுப்பது கண்ணாடிதான், போட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஜனங்கள் நேரிலேயே பார்க்கட்டும்.

அது தடித்த கண்ணாடி. வீடுகள் அலை அலையாக மிதந்தன. தெருவின் நீளத்துக்குப் பட்டு இழையை இழுத்துக் கட்டிப் பாவு போட்டுக்கொண்டிருந்தார்கள். அது அவருக்குத் தெரியவில்லை. நாலு முழம் உள்ளே போய்ச் சிக்கி, குப்புற விழுந்தார்.

"ஐயோ, பாவு போச்சே!" என்று ஓடிவந்தார் திருஞானசம்பந்தம். அவருடைய பாவுதான் அது.

"பாத்தியாம்மா கண்ணாடி போட்டவர் கதிய?" என்றாள் எதிர்வீட்டு அம்சவேணி. "நேத்துகூட நல்லாத்தான் நடந்துக்கினு இருந்தாரு."

ஊருக்குப் போயிருந்த அம்மாவும் திரும்பி வந்துவிட்டதால், வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணும் நின்றுபோனாள்.

முழங்கையில் ரத்தம் கசிய, கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவிலேயே நின்றார் அப்பாதுரை. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"கேளுங்கம்மா எல்லாரும்! நாளைக்கு அந்த வண்டியில மொதல்ல நான் ஏர்றேன். எனக்குச் செய்யறதை நீங்க நின்னு பாருங்க. நான் முழுசாத் திரும்பி வந்தா உங்க பிள்ளைங்களை அனுப்புங்க. இல்லைன்னா வேணாம்!"

திருஞானசம்பந்தம் அறுந்த இழைகளைப் பார்த்தார். வாத்தியாரின் முழங்கையைப் பார்த்தார்.

"இது நாயம்" என்றார்.

புதன்கிழமை தூறலையும் பார்க்காமல் தெருவே பள்ளிக்கூடத்து வாசலில் கூடியிருந்தது. அம்மாக்களின் முந்தானைக்குப் பின்னால் பிள்ளைகள். பத்து மணி ஆயிற்று. பதினொன்றும் ஆயிற்று. வண்டியைக் காணோம்.

"தறி சும்மா கிடக்குது சார். நாங்க போறோம்."

"அஞ்சு நிமிஷங்க!"

அப்போது தெருமுனையில் ஒரு வேன் திரும்பியது. மேலெல்லாம் சேறு. 'அரசு', 'மருத்துவ' என்ற எழுத்துகள் மட்டும் தெரிந்தன. அது நிற்காமல் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போக, அப்பாதுரை ஓடி, இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"டாக்டர் இருக்காரா?"

"உள்ள இருக்காரு. இன்னா விஷயம்?" என்றார் டிரைவர்.

"எங்க போறீங்க? ஜனங்கல்லாம் இங்க காத்துக்கினு இருக்காங்க. மொதல்ல எனக்குச் செஞ்சுடுங்க."

டிரைவருக்கு வாய் பிளந்துவிட்டது. "நீங்களா வரீங்களா? யாரும் புடிச்சு அனுப்பலியே?"

டாக்டரே இறங்கி வந்து வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "மூணு மாசமா ஊர் ஊராச் சுத்தறோம். எங்களைக் கண்டாலே ஓடறாங்க. படிச்சவர் ஒருத்தர் முன்வந்தா ஜனங்களுக்குப் பயம் போயிடும் சார்."

அப்பாதுரை படியேறி நின்று கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினார். வடிவாம்பாள் கண்ணை இடுக்கிக்கொண்டு, "சார் எங்க நிக்கறாரு, அப்பா?" என்றாள். திருஞானசம்பந்தம் முதல் முறையாக மகளைத் திரும்பிப் பார்த்தார்.

உள்ளே வாத்தியாரை ஒரு கட்டிலில் படுக்க வைத்தார்கள். கம்பவுண்டர் நோட்டைத் திறந்தார்.

"வயசு?"

"இருபத்தாறு. வலிக்குமா?"

"எறும்பு கடிச்சாப்பல இருக்கும். ஒரு வாரம் சைக்கிள் மட்டும் வேணாம்."

மருந்து விட்டால் கண் மங்கும்தானே, ஜாக்கிரதையாகச் சொல்கிறார் என்று அப்பாதுரை தலையாட்டினார்.

"மொத்தம் எத்தினி பசங்க சார்?"

"நூத்திப் பன்னெண்டு" என்றார் அப்பாதுரை பெருமையோடு. "எல்லாம் வெளியிலதான் நிக்குதுங்க."

கம்பவுண்டரின் கையிலிருந்து பேனா விழுந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெரு கொள்ளாத பிள்ளைகள். படுத்திருந்த வாலிபரைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர், கதவைச் சாத்துங்க! குடும்பக் கட்டுப்பாட்டு ஆப்பரேஷனை இவருக்கு இப்பவே முடிச்சுடணும், நாளைக்குன்னா நூத்திப் பதிமூணு ஆயிடும்!"