ஸ்டிக்கர் பொருத்தம்

வேறு கம்பெனி ஹார்ட் டிஸ்க்கைத் தன் கம்ப்யூட்டருக்குள் விடுவதில்லை என்று ஜெகதீஸ்வரன் சபதம் எடுத்துவிட்டான். நாமக்கல்லில் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவன் எடுத்த சபதம். துருப்பிடித்த நட்டு மாதிரி, லேசில் கழலாது.

வீட்டுக் கம்ப்யூட்டரின் டிஸ்க் பழசாகிவிட்டது. பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வந்தாலும் திறக்காது. மனைவி தனப்பிரியாவின் ஆராய்ச்சிக் கட்டுரை முக்கால்வாசி அதற்குள்தான் மாட்டிக்கொண்டிருந்தது. புது டிஸ்க் போதும் என்றாள் அவள். புதுக் கம்ப்யூட்டரே வேண்டும் என்றான் அவன். காரணம்? லாரி ஓட்டுகிற கேம் ஒன்று இதில் ஓடவில்லையாம். பகலெல்லாம் லாரியோடு மாரடிப்பவனுக்கு வீட்டுக்கு வந்தும் லாரிதான் ஓட்ட வேண்டுமாம்! அதற்காக ஒருத்தியின் மூன்று வருஷப் படிப்பு காத்துக் கிடக்க வேண்டுமா? எந்த ஊர் நியாயம் இது?

வெளியில் சொல்லும் காரணம் மட்டும் வேறு.

"கம்பெனிக்காரன் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான், புள்ள, டிஸ்க்கை மாட்டியிருக்கான். வேற கம்பெனி சேராது."

"நமக்கும் பத்துப் பொருத்தம் பாத்துத்தானுங்க கட்டி வெச்சாங்க. சேந்துச்சா?"

"பேச்சை மாத்தாத! ஒயரு சேராது. சூடேறும். பொகையும்!"

"ஒயரும் ஒண்ணுதானுங்க, அளவும் ஒண்ணுதானுங்க. பொகையறது நீங்கதான்."

"வேற கம்பெனி டிஸ்க் இதுல ஓடுச்சுன்னா ஆயுசுக்கும் காலைக் காப்பி நாந்தான் போடுவேன். ஓடலீன்னா புதுக் கம்ப்யூட்டர்!"

தனப்பிரியா மதில் பக்கம் திரும்பினாள். "பெருமாயி அக்கா, கேட்டுச்சுங்களா?"

"மொதல்ல இருந்தே கேட்டுட்டுத்தான் இருக்கறேன் சாமி," என்றாள் பக்கத்து வீட்டுப் பெருமாயி.

சனிக்கிழமை டிஸ்க் வந்தது. "பழசுல இருந்ததைப் பூராப் புதுசுல நகலெடுத்து, ரெண்டையும் உள்ள மாட்டிட்டனுங்க. இனிப் புதுசுலதான் ஓடும். நாளைக்கு அக்கா முன்னால போட்டுப் பாக்கலாம்," என்றாள் தனப்பிரியா.

ஞாயிறு காலை அவள் குளிக்கப் போனாள். ஜெகதீஸ்வரன் ஸ்க்ரூ டிரைவரோடு பாய்ந்தான். மூடியைக் கழற்றினால், உள்ளே இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு டிஸ்க். எது அயல் சரக்கு? பதினைந்து வருஷக் கடை அனுபவம் கைகொடுத்தது. ஒன்றில் கம்பெனி ஸ்டிக்கர் மின்னியது. இன்னொன்று மொட்டை. மொட்டையின் ஒயரைப் பிடுங்கினான். மூடியை மாட்டினான். யோக்கியனாக உட்கார்ந்துகொண்டான்.

பெருமாயி வந்தாள். தனப்பிரியா பொத்தானை அமுக்கினாள். பெருமாயி கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

ஜெகதீஸ்வரன் துள்ளி எழுந்தான். "பாத்தீங்களா அக்கா! கம்பெனிச் சரக்குன்னா சும்மாவா? அந்த வேற கம்பெனி டிஸ்க் ஒயரு கழண்டு கெடக்குது. அது இல்லாமயே எப்பிடி ஓடுது பாருங்க!"

"ஒயரு கழண்டு கெடக்கறது உங்களுக்கு எப்பிடிங்க தெரியும்?"

"அட சாமி!" என்றாள் பெருமாயி.

தனப்பிரியா கம்ப்யூட்டரை நிறுத்தி, மூடியைத் திறந்து, ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கின் ஸ்டிக்கரை நகத்தால் உரித்தாள். அடியில் வேறு கம்பெனிப் பெயர்.

"நீங்க புடுங்குனதுதானுங்க கம்பெனிச் சரக்கு."

"ஸ்டிக்கரை மாத்தி ஒட்டுனயா? மோசடி! இந்தத் திருட்டு வித்தையெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"உங்க கடைக்குச் சோறு கொண்டாரப்பத்தானுங்க. சரி, எனக்குச் சக்கரை அரைக் கரண்டி போதும், அக்காவுக்கு டிகாஷன் தூக்கலாப் போடுங்க."