எதிர்த் தீவு மலையும் சித்தப்பாவின் பின்கேட்டுப் பூட்டும்

பெருமதிப்பிற்கும் பெருங்கோபத்திற்கும் உரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்கள் நலமா என்று கேட்கப்போவதில்லை. தங்கள் கடிதத்தில் பேனா பல இடங்களில் தாளைக் கிழித்திருக்கிறது. நலமாக இருப்பவர் அப்படி எழுத மாட்டார். சித்தியை மட்டும் விசாரித்ததாகச் சொல்லவும்.

முதலில் பதில். மறுப்பு அறிக்கை தர மாட்டேன்.

'மலை விழாது' என்று பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்தால்தான் உங்கள் விடுதிக்கு மறுபடி ஆள் வருவார்கள். கொடுக்காவிட்டால் உங்கள் வாசலை மிதிக்கக் கூடாது. அப்படித்தானே? சரி. மிதிக்கவில்லை. விடுதியே வீடாக நான் வளர்ந்த இடம் அதுதான். இருக்கட்டும். மாடியில் என் அறை, கடலைப் பார்க்கும் ஜன்னல், சாத்தினால் திறக்காத அதன் கதவு, எல்லாவற்றையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நிருபரிடம் நான் சொன்னது இரண்டு வாக்கியம். "எதிர்த் தீவின் எரிமலைச் சரிவு முன்பே கடலில் விழுந்திருக்கிறது, மறுபடியும் விழும். நம் காலத்திலும் நடக்கலாம், பேரன் பேத்திகள் காலத்துக்கு வெகு பின்னாலும் நடக்கலாம்." முதல் வாக்கியம் அச்சில் வந்தது. இரண்டாவது இருக்கவேண்டிய இடத்தில் மெத்தை விளம்பரம். இதற்கும் நான்தான் பொறுப்பா?

"எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து பாக்கறேன், அப்படியே நிக்குது. நேத்து மண்ணு நோண்டப் போனவ எனக்கு மலையைப் பத்திச் சொல்ல வந்துட்டா" என்று எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா, உங்கள் ஆயுள் மொத்தமும் அந்த மலைக்கு ஒரு கொட்டாவி.

அடுத்து, தலைகீழ்க் குழாய். அதை நான் போனில் சிரிப்புக்குச் சொன்னேன். நீங்கள் ஆயுதமாக எடுத்துக்கொண்டீர்கள். "மண்ணுல எது தலை, எது கால்னு தெரியாதவ." ஆமாம், நடந்தது. மறைக்கவில்லை. கடல் தரையில் நீளக் குழாயைக் குத்தி இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணோடு மேலே இழுப்பது எங்கள் வேலை, அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு, அவ்வளவுதான் சூத்திரம், ஆனால் முதல் குழாய் தளத்துக்கு வந்த நேரம் கப்பல் தொட்டில் மாதிரி ஆட, ஒரு முனையைப் பிடித்திருந்த நெட்டையன், என்னோடு படிக்கிறவன், வாயைப் பொத்திக்கொண்டு ஓரத்துக்கு ஓட, அவன் முனையையும் நானே தாங்கிப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, எப்படியோ படுக்க வைத்து, காலுக்குத் தலை என்று பெயர் எழுதிட்டேன், பிளந்து பாத்தா கல்லெல்லாம் மேல, தூசியெல்லாம் கீழ, கடல்ல கல்லு மிதந்து தூசி முழுகினா மாதிரி, நானும் நெட்டையனும் சோறு தண்ணி இல்லாம அதுக்கு ஒரு விளக்கமே எழுதி முடிச்சுட்டோம், எங்க ஆராய்ச்சிக் குழுத் தலைவி வந்து மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒரு பார்வை பாத்துட்டு, "கடலுக்குப் புதுச் சட்டம் போட்டிருக்கே, ரொம்ப சந்தோஷம். இப்போ அதைத் திருப்பிப் போடும்மா"ன்னு சொல்லிட்டுக் காபி குடிக்கப் போயிட்டாங்க.

திருப்பிப் போட்டேன்.

அடியில் வெளிர் நிறச் சேறு. கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் ஓடுகள், அமைதியான காலங்களில் மெல்ல மெல்லப் படிந்தது. அதன்மேல் திடீரென்று கருங்கல், கருமணல், அதற்கும் மேல் தூசி. கனமானது முதலில் இறங்கும். மலை சரிந்த நாள் அது. பிறகு மறுபடி அமைதிச் சேறு. மறுபடி கறுப்பு. விழுந்து, நெருப்பைக் கக்கிக் கக்கித் திரும்ப வளர்ந்து, மறுபடி விழுந்திருக்கிறது. எதிர்த் தீவும் சேர்ந்து வில்லாக வளைந்து கிடக்கும் அந்தத் தீவு வரிசையில் வேறு வேறு இடங்களில் எடுத்த குழாய்களும் இதையேதான் சொல்கின்றன. அவற்றை நேராகத்தான் படுக்க வைத்தோம். நெட்டையனைத் தொடவே விடவில்லை.

ஒரேயடியாக விழுந்ததா, தவணை தவணையாகவா என்று இன்னும் தெரியாது. மலை ஒரேயடியாகக் கடலில் விழுந்தால் கரைக்குப் பேரலை வரும், தவணையானால் அலை சின்னது. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்வேன். தெரிந்ததையும் தெரியாது என்று சொல்லச் சொல்கிறீர்களே, அதுதான் என்னால் ஆகாது.

உங்கள் விடுதியை மூடச் சொன்னேனா? இல்லை. போன தடவையும் ஒன்றுதான் கேட்டேன். பின்கேட்டைத் திறந்து வையுங்கள்.

அதைத் தாண்டினால் குன்று. எவனோ ஒரு விருந்தாளி அந்த வழியாகத் தலையணையோடு போய்விட்டான் என்று பூட்டினீர்கள். அன்றிலிருந்து குன்றுக்குப் போக முன்வாசல் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு இறங்கிச் சுற்ற வேண்டும். அலை வரும் நாளில் உங்கள் விருந்தாளிகள் முதலில் அலையை எதிர்கொண்டு ஓடி, பிறகு வளைந்து, பிறகு ஏற வேண்டும். ஒரு தலையணைக்காக.

கேட்டதற்கு, "மலை விழறப்போ பாத்துக்கலாம்" என்றீர்கள்.

எனக்கு அலையின் வேகம் தெரியும். சித்தியின் முழங்காலும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட உட்கார்ந்தேன். முடிக்கவில்லை.

ஆகவே மாட்டேன். மாட்டேன் சித்தப்பா. என்னைத் தலைமுழுகினாலும் சரி.

சித்திக்கு என் வணக்கம். சமையற்கார அண்ணனுக்கு அன்பு. எதிரே நிற்கும் மலைக்கு மரியாதை. அது நீடூழி நிற்கட்டும். உங்களுக்கு நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
சொல் பேச்சுக் கேட்காத அண்ணன் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது சித்தியின் போன். "உனக்குக் கடுதாசி எழுதின சூட்டோட ரம்பத்தை எடுத்துட்டுப் போனாரும்மா. பின்கேட்டுப் பூட்டை அறுத்துட்டாரு. ஏன்னு கேட்டா, காத்து வரட்டும்கறாரு. தினம் சாயங்காலம் என்னைக் குன்று மேல ஏத்தறாரு, முழங்காலுக்கு நல்லதாம். கையில கடிகாரத்தை வெச்சுக்கிட்டு, 'நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்ல, பரவால்ல'ன்னு வேற. அந்த மனுஷனுக்கு என்னடி ஆச்சு?"

எனவே மேலே எழுதிய கோபம் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகப் படித்துக்கொள்ளவும். மறுப்பு அறிக்கை மட்டும் கிடையாது. விடுமுறைக்கு வருகிறேன். உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

பின்கேட்டு வழியாக வருவேன்.