நட்டநடுவில் என் படம்

செத்தால் நட்டநடுவில்தான் இருப்பது என்று முடிவு செய்தேன்.

காரணம் என் அண்ணன் வீராசாமி. போன ஆடியில் போய்விட்டார். செஞ்சிக் கூட்டுரோட்டில் அவருக்குக் கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸ் வைத்தார்கள். கண்ணீர் விடுகிறவர்கள் வரிசை வரிசையாக இருந்தார்கள். பாதிப் பேர் கூலிங்கிளாஸ் போட்டிருந்தார்கள். கீழ் மூலையில், கோழிக்கடை விளம்பரத்தை ஒட்டி, பாதி மூக்கோடு ஒருவர் இருந்தார். அவர்தான் இறந்தவர். தம்பி என்ற முறையில் என் படம் அவர் படத்தைவிடப் பெரிது.

பனமலையிலிருந்து பஸ்ஸில் வந்த உறவுக்காரப் பெண் மங்கை அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"ஐயோ, தாண்டவராயன் மாமா பூட்டாராமே," என்று அழுதாள்.

"இன்னும் இல்லம்மா," என்றேன்.

நான் ஃபிரேம் கடைக்காரன். எட்டாவது வரை படித்தவன். செஞ்சியில் இறந்தவர்களில் பாதிப் பேரைக் கண்ணாடிக்குள் நேராக உட்கார வைத்தவன். நூல் அளவு சாய்ந்தாலும் பிரித்து மாட்டுவேன். என் அண்ணனுக்கே இந்தக் கதி.

கார்த்திகையில் எனக்கு நெஞ்சு அடைத்தது. இரத்தக் குழாயில் அடைப்பு, புதுச்சேரிக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். அண்ணனும் ஆபரேஷனுக்குப் போய்த்தான் ஃபிளக்ஸுக்குப் போனார். நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி ராஜாம்பாள் சாம்பார், ரசம், ஆபரேஷன் என்ற வரிசையில்தான் பரிமாறினாள்.

நான் வேறு ஏற்பாட்டில் இறங்கினேன். எனக்கென்று ஓர் அஞ்சலி வெப் பக்கம். அதில் என் படம் மட்டும். கூலிங்கிளாஸ் கிடையாது, கோழி கிடையாது. என் மகள் வெண்மதி சென்னையில் வெப் பக்கம் செய்கிற வேலையில் இருக்கிறாள். அவளுடைய பழைய லேப்டாப் எங்கள் வீட்டில் கிடந்தது. கடைக்கு விளம்பரம் என்று பொய் சொல்லி, ஒரு பக்கத்தைத் திறந்து தரச் சொன்னேன். எந்த வரியை எங்கே எழுதுவது என்று போனிலேயே சொல்லிக் கொடுத்தாள்.

இடவலமாக நடுவில் நிறுத்துவது சுலபம். சென்டர் என்று ஒரு வரி எழுதினேன், வந்து நின்றது. மேலும் கீழும்தான் வம்பு. என்ன எழுதினாலும் படம் வௌவால் மாதிரி உச்சியிலேயே தொங்கியது. கீழே முழுக்க வெறும் வெள்ளை.

ஒரு நாள் ராஜாம்பாள் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"இன்னாங்க இது? பொறந்த தேதி போட்டுக்குது. பக்கத்துல கோடு இழுத்து வுட்டுக்குது?"

"அது அப்புறம் நிரப்பிக்கறது."

"யாரு நிரப்பறது?"

"வெண்மதி நிரப்புவா."

அவள் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"நடுவுலயே இல்லியே," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "வந்துரும்," என்றேன்.

"சரி. வெள்ளிக்கிழம வரிக்கும் டைம். நட்டநடுவுல நின்னுட்டா, ஆபரேஷன்னு நான் வாயே தொறக்கல. நிக்கலன்னா சனிக்கிழம புதுச்சேரி பஸ் ஏறணும்."

"யார் அளக்கறது?"

"நீங்களே அளங்க. உங்க ஸ்கேலு என்னிக்குப் பொய் சொல்லிக்குது?"

இப்படி ஒரு பந்தயம் யாருக்குக் கிடைக்கும்? ஒப்புக்கொண்டேன். உடனே மாடிக்குப் போய் வெண்மதிக்குப் போன் போட்டேன்.

"நைனா, படம் இருக்கற வெளிப்பெட்டிக்கு உயரம் குடுத்தீங்களா?"

"எதுக்கு?"

"குடுக்கலன்னா பெட்டி படத்தோட சைஸ்லயே நின்னுரும். ஆள் சைஸுக்கே ரூம் கட்டுனா நடுவுல எப்புடி நிக்கறது?"

"சவப்பெட்டி மாதிரியா?"

"கடை விளம்பரத்துக்கு இன்னா நைனா பேச்சு இது? பெட்டிய ஸ்கிரீன் உயரத்துக்கு ஏத்துங்க. அப்புறம் நடுவுல வைன்னு பெட்டிகிட்ட சொல்லுங்க. படத்துகிட்ட சொன்னா கேக்காது. அந்த முறைக்குப் பேரு ஃபிளக்ஸ்."

போனையே வைத்துவிடப் பார்த்தேன். அண்ணனை மூலைக்குத் தள்ளியதும் ஃபிளக்ஸ்தான். ஆனாலும் எழுதினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் என் படம் இறங்கி வந்து நட்டநடுவில் நின்றது. இரும்பு ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தேன். இடமும் வலமும் ஒன்று. மேலும் கீழும் ஒன்று. என் பிணத்துக்கு நானே மாலை போட்டது போல நெஞ்சு நிறைந்தது.

ராஜாம்பாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்குது," என்றாள். "நாளைக்கு அளந்துக்கலாம். டீ குடிக்கிறீங்களா?"

கொல்லைப்பக்கம் போய் வெண்மதியோடு பேசினாள். முருங்கைக்கீரை என்று காதில் விழுந்தது. நான் கவலைப்படவில்லை.

வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் திறந்தேன். என் படம் இடப்பக்கம் தள்ளி நின்றது. வலப்பக்கத்தில் ராஜாம்பாள். ஆதார் கார்டுக்கு எடுத்த படம். சிரிக்காமல் என்னைக் காவல் காப்பது போல் இருந்தாள்.

"உன்ன யாரு உள்ள வரச் சொன்னது?"

"நீங்கதான். தாலி கட்டி."

"உசுரோட இருக்கறவங்க படம் வரக்கூடாதுன்னுதான இந்தப் பக்கமே போட்டேன்."

"நீங்க மட்டும் செத்துட்டீங்களா?"

வெண்மதிக்குப் போன் போட்டேன். "அம்மா சொன்னாங்க, சேத்தேன்," என்றாள். "பெட்டி சரியாத்தான் வச்சுக்குது நைனா. ரெண்டு பேரையும் சேத்து நடுவுல." பிறகு, "கடை விளம்பரம்னீங்களே நைனா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ராஜாம்பாளின் படம் வருவது ஒரே ஒரு வரியால். அதை அழித்தால் நான் நடுவுக்கு வந்துவிடுவேன். அழிக்கிற பட்டனில் விரலை வைத்தேன். அவள் என் விரலையே பார்த்தாள்.

"அழிங்க. அழிச்சுட்டுத் தனியா நில்லுங்க."

விரலை எடுத்துவிட்டேன்.

அவள் ஸ்கேலை எடுத்து நீட்டினாள். அளந்தேன். இடக்கோடியிலிருந்து அளந்தேன், வலக்கோடியிலிருந்து அளந்தேன். திரையின் நடு, என் தோளுக்கும் அவள் தோளுக்கும் இடையிலிருந்த வெள்ளையில் விழுந்தது. அங்கே யாரும் இல்லை.

"இன்னா சொல்லுது ஸ்கேலு?"

"நடுவுல இல்ல," என்றேன்.

சனிக்கிழமை காலை புதுச்சேரி பஸ்ஸில் மூன்று பேர் சீட். ஜன்னலோரம் ராஜாம்பாள். இந்தப் பக்கம், நான் இறங்கி ஓடிவிடாமல் இருக்க, ஆஸ்பத்திரிப் பையும் சுருட்டிய பாயும்.

நட்டநடுவில் நான்.