பூ படித்த பெயர்

ஐப்பசி மழை விட்ட கையோடு விருத்தாசலத்துக்கு ஒரு புதுச் சாமியார் முளைத்தார். செங்காந்தள் சித்தர். முந்திரிக்காட்டு ஓரம் கொட்டகை. பஸ்ஸில் வந்தார்கள், பைக்கில் வந்தார்கள். கையில் ஆளுக்கொரு பீங்கான் கப். செராமிக் ஊரில் கப்புக்கா பஞ்சம்?

முறை இதுதான். சுடாத கப்பின் அடியில், தொழிலாளிகள் தங்கள் அடையாளம் கீறுகிற அதே இடத்தில், பெயரைக் கீறிச் சூளையில் சுட்டு எடுத்து வர வேண்டும். சித்தர் அதைப் பார்க்க மாட்டார். பூவே படித்துக்கொள்ளுமாம். எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்த பூவோ! தண்ணீர் ஊற்றி, மஞ்சளாக மலர்ந்த காந்தளைக் கொடியோடு செருகித் தருவார். ஐந்தாம் நாள் மஞ்சளாகவே இருந்தால் பிழைத்தீர்கள். சிவந்தால் செய்வினை. இதுவரை ஒருவர் பூகூட மஞ்சளாக நிற்கவில்லை. ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவும் இல்லை.

இளமதி செராமிக் பட்டறையில் வர்ணம் தீட்டுபவள். அவள் தங்கை அமுதவள்ளிக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தை இல்லை. அவள் பூவும் சிவந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை காந்தள் கிழங்கு விழுதைக் குடிக்க உத்தரவு.

"அது வெஷம்டி. குடிச்சா பொணந்தான்."

"சாமி மந்திரிச்சுக் குடுத்தா மருந்துக்கா."

"சூளைக்குள்ள போற கலர் வேற, வர்ற கலர் வேற. அதையும் செய்வினைம்பியா?"

"சூளையில நெருப்பு இருக்குது. பூவுல என்னா இருக்குது?"

இளமதி பட்டறைக்குப் போனாள். ஒரு கப்பில் பெயர் கீறினாள், சுட்டாள், சித்தரிடம் பூ வாங்கி வந்தாள்.

வெள்ளிக்கிழமை கொட்டகை கொள்ளாத கூட்டம். முதல் வரிசையில் அமுதவள்ளி. கையில் சித்தர் கொடுத்த விழுதுக் கிண்ணம். இளமதி தன் கப்பை நீட்டினாள். பூ தீயாய்ச் சிவந்திருந்தது.

சித்தர் கண்ணை மூடினார். "கடும் செய்வினை. இந்தப் பேருக்காரன் இப்பவே விழுதைக் குடிக்கணும். தவறினா பொழுது தாண்டாது."

"பூ தப்பாப் படிக்குமா சாமி?"

"பூவுக்குப் பொய் தெரியாதும்மா."

இளமதி தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கப்பைக் கவிழ்த்து உயர்த்தினாள். அடியில், சுட்ட எழுத்தில்: செங்காந்தள் சித்தர்.

தங்கையின் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கி நீட்டினாள். "குடிங்க சாமி. உசுருதான முக்கியம்."

சித்தரின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. "நான்... இன்னிக்கு விரதம்."

"எம்மவனுக்கு இன்னிக்கு வெறும் வயித்துலதான குடுக்கச் சொன்னீங்க?" என்றாள் கூட்டத்திலிருந்த காசியம்மாள்.

"வேலியில போய்ப் பாருங்க," என்றாள் இளமதி. "ஒரே கொடியில நுனிப்பூ மஞ்சள், கீழ்ப்பூ செவப்பு. பூத்தா மஞ்சள், வயசானா செவப்பு. அதுக்கு யாரு செய்வினை வெச்சா? தன்னை யாரும் தோண்டித் தின்னக் கூடாதுன்னு கிழங்குல வெஷம் வெச்சிருக்குது. நீங்க அதைக் கிண்ணத்துல வாங்குறீங்க."

அமுதவள்ளி அக்காவிடமிருந்து கிண்ணத்தை வாங்கினாள். சித்தரின் காலடியில் கவிழ்த்தாள். அவர் துள்ளி விலகிய வேகத்தில் மிச்சமிருந்த பக்தியும் போயிற்று. போலீஸ் வரும்வரை கூட்டம் வழிவிடவில்லை.

கொட்டகைக்கு வெளியே வேலியோரம் ஒரு வெள்ளாடு காந்தளை மோந்து பார்த்தது. ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லைக் கடித்தது. அது படித்த ஆடு இல்லை. வாயில் வைக்கும் முன் மோந்து பார்க்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியும்.

நமக்கும் மூக்கு இருக்கிறது.