படுத்தால் எச், எழுந்தால் ஐ

"இது ஐ இல்லை, எச்," என்றார் புரூஃப் ரீடர், லாரியில் கிடந்த நீளமான இரும்பு பீமின் முனையைக் குனிந்து பார்த்தபடி.

"ஐதான் சார். படுத்திருக்கு," என்றார் லாரி டிரைவர்.

"படுத்தா எழுத்து மாறிடுமா?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். நீங்க படுத்தா வேற ஆளா ஆயிடுவீங்களா?"

இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் ல, ள, ழ பார்த்தே கண் பூத்துப்போன மனிதர் அவர். ஒரு துணைக்கால் குறைந்தாலும் பக்கத்தை நகரவிட மாட்டார். மேஸ்திரி சீட்டில் எழுதித் தந்தது 'ஐ'. கண்ணுக்குத் தெரிவது 'எச்'. திருப்பி அனுப்பிவிட்டார்.

அனுப்பியிருக்கக் கூடாது. வீட்டுக்குள் நிலைமை அப்படி. அது மாமனார் கட்டிய வீடு. மகள் கல்யாணத்துக்கு அப்புறம் மாமனாரும் மாமியாரும் மாடிக்குப் போய்விட, கீழே இவரும் மனைவியும். பெரியவர்கள் மூத்த மகள் வீட்டுக்குப் பத்து நாள் போன சமயம் பார்த்து, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்து ஹாலைப் பெரிதாக்கி அவர்களை அசத்திவிடலாம் என்று மனைவிக்கு யோசனை. சுவரைத் தரைமட்டம் ஆக்கிய பிறகுதான் மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார்.

"சார், மாடி பூரா இந்தச் சுவர் மேலதான் நின்னிருக்கும் போல."

அன்று முதல் மாடியைத் தாங்குவது நாலு இரும்பு ஜாக்கி. நாளை சாயங்காலம் பெரியவர்கள் திரும்பி வருகிறார்கள். மாமனார் வீட்டில் குடியிருப்பவன் என்ற பேரோடு இத்தனை வருஷம் காலம் தள்ளியாயிற்று. மாமனார் வீட்டை இடித்துத் தள்ளியவன் என்ற பேர் வேறு எதற்கு?

இரும்புக் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"மாத்தி அனுப்புங்க."

"நான் அனுப்பினது ஐ சார். மாத்தணும்னா எச்தான் அனுப்பணும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. வந்தது தப்பு. மாத்தி அனுப்புங்க."

மாத்தி அனுப்பினார். இந்தத் தடவை சாரின் குணம் அறிந்து டிரைவர் பீமைத் திருப்பிப் போட்டு எடுத்து வந்திருந்தார். முனையில் தெளிவாக ஐ. புரூஃப் ரீடர் மனம் குளிர்ந்து ரசீதில் பெரிதாக ஒரு டிக் போட்டார். அதை இறக்க ஏழு பேர் வந்து மூச்சு வாங்கியபோதும் அவருக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரி வந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், இது எச். ஐன்னா நல்ல உயரம், மேலயும் கீழயும் பட்டை குறுகலா இருக்கும். எச்சுக்கு உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒண்ணு, கனம் ஜாஸ்தி, தூணுக்கு நிறுத்தறது. இதை மேல ஏத்தினா மாடியை இது தாங்கும், இதை யாரு தாங்கறது?"

"பழைய ஐயையே கேட்டு வாங்குங்களேன்," என்றாள் மனைவி.

கேட்டார்கள். அது வேறு ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டது. அடுத்த சரக்கு நாளை மதியம்தான்.

"கவலைப்படாதீங்க," என்றார் மேஸ்திரி. "சி எழுத்து மாதிரி இருக்கற ரெண்டு சி சேனல் இரும்பு வாங்கி, முதுகோட முதுகு ஒட்டினா ஐ மாதிரியே ஆயிடும். வெல்டிங் பட்டறைல நீங்க பக்கத்துல மட்டும் நின்னுக்குங்க."

நின்றார். அதுதான் வினை. வெல்டர் இரண்டு சேனலையும் முதுகோடு முதுகு சேர்த்து வைத்தபோது, இருபத்தாறு வருஷ அனுபவம் உள்ளே துடித்தது. முதலில் முடிகிற அடைப்புக்குறி, அப்புறம் தொடங்குகிற அடைப்புக்குறி. எந்த அச்சகம் இதை அனுமதிக்கும்?

"தம்பி, ரெண்டும் திரும்பி இருக்கு. முகத்தோட முகம் வைங்க."

"நெசமாவா சார்?"

"எனக்குத் தெரியாததா?"

வெல்டர் ஒட்டிவிட்டார். இரண்டு சியும் சேர்ந்து நாலு பக்கமும் அடைத்த நீளப் பெட்டியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மேஸ்திரி பெட்டியை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பலமாத்தான் இருக்கு சார். ஆனா ரெண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கணுமே. இதுக்குள்ள கை எப்படிப் போகும்?"

"என் பேச்சுல பிழை பாத்தீங்க, பொறுத்துக்கிட்டேன்," என்றாள் மனைவி. "இரும்புலயுமா?"

மறுநாள் மதியம் சரக்கு வந்தது. டிரைவர் இறங்கி, "படுத்த மாதிரி காட்டட்டுமா, நின்ன மாதிரி காட்டட்டுமா?" என்று கேட்டார். புரூஃப் ரீடர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியும் ஆட்களும் பீமை ஏற்றி, போல்ட்டை முடுக்கி, ஜாக்கிகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். ஒவ்வொன்றுக்கும் புரூஃப் ரீடர் கண்ணை மூடிக்கொண்டார். மாடி அசையவில்லை. மேஸ்திரி கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிய கையோடு, வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மாமனார் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மாமியார் மகள் கையைப் பிடித்தபடி உள்ளே வந்து, அகன்று கிடந்த ஹாலைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"இங்க இருந்த சுவர் எங்க மாப்பிள்ள?"

புரூஃப் ரீடர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எடுத்தாச்சு அத்தை. பயப்படாதீங்க. மாடியைத் தாங்கற சுவர்னு தெரிஞ்சதும் சும்மா விடலை. பாருங்க, ஐ பீம். எச் இல்ல, சி இல்ல. அசல் ஐ. அந்தச் சுவர் தாங்கினதைவிட ரெண்டு மடங்கு தாங்கும்."

மாமியார் பீமை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். வாசல் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அது எங்க மாப்பிள்ள மாடியைத் தாங்கிச்சு? மாடி கட்டி ஆறு வருஷம் கழிச்சு, இவ வயித்துல இருந்தப்ப, உங்க மாமனார் குறட்டையைத் தாங்க முடியாம நான் எழுப்பின சுவர் அது."