கேட்காத கல்யாணி

கச்சேரி விமர்சனம் வலையில் ஏறிவிட்டது. கச்சேரிக்குத்தான் வைகுண்டராஜ் போயிருக்கவில்லை.

தேனி பஸ் நிலையத்துக்குப் பின்னால் பம்புசெட் சாமான் கடை வைத்திருப்பவர் அவர். கடை சோறு போட்டது. பேர் கொடுத்தது 'தேனி இசைமடல்' என்ற வலைப்பூதான். ஊர் இசை மன்றத்தில் சனிக்கிழமை கச்சேரி நடந்தால் ஞாயிறு காலைக் காப்பிக்குள் விமர்சனம் வந்துவிடும். இதுவரை தவறியதில்லை.

இந்தச் சனிக்கிழமை கெங்குவார்பட்டி சுபாஸ்ரீயின் முதல் முழுக் கச்சேரி. வாழை விவசாயம் பார்க்கும் வீட்டுப் பெண், மதுரைக்குப் பஸ்ஸேறிப் போய்ப் பாட்டு கற்றவள். அன்று பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. வைகுண்டராஜ் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மழை விடட்டும் என்று உட்கார்ந்திருந்தார். குடை பக்கத்திலேயே இருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீரைப் பார்த்தபின் கால்தான் எழவில்லை. மழை விட்டபோது மங்களம் பாடும் நேரம் தாண்டியிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அவர் எழுதாவிட்டால் போடியிலிருந்து கிறிஸ்டோபர் முந்திக்கொள்வார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஏலக்காயும் திராட்சையும் விளைகிற இந்தப் பக்கத்தில் கர்நாடக சங்கீத வலைப்பூக்களும் அமோகமாக விளைகின்றன. போடியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் கிறிஸ்டோபர் நடத்துவது 'ராகத் தராசு'. பாடியது எந்த ராகம், எந்த இடத்தில் பிசகியது என்பதைத் தவிர அதில் வேறு பேச்சே கிடையாது. பெரியகுளத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற கஸ்தூரியம்மாள் 'கச்சேரியும் காப்பியும்' எழுதுகிறார். பாட்டுக்குப் பாதி, பலகாரத்துக்குப் பாதி. உத்தமபாளையத்தில் ஒருவர் மிருதங்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறார். கம்பத்தில் ஒரு திராட்சை விவசாயி பந்தலுக்கு நாதஸ்வரம் போட்டுவிட்டு, தோடிக்கு நல்ல காய்ப்பு, முகாரிக்குக் கொடி வாடுகிறது என்று வாராவாரம் எழுதுகிறார். அத்தனைக்கும் வாசகர்கள் உண்டு. சிங்கப்பூரிலிருந்துகூடப் பாராட்டு வரும். மன்றத்தில் நாற்காலி நிறைவதுதான் இல்லை.

ஞாயிறு காலை அவர் மடிக்கணினியைத் திறந்ததும் மனைவி பூமாரி எட்டிப் பார்த்தாள்.

"நேத்து நீங்க கடைய விட்டு நகரவே இல்லையே. எதப் பாத்து எழுதுறீக?"

"எத்தன வருசமாக் கேக்குறேன். யார் யாரு எங்கன எப்படிப் பாடுவாகன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னா, அந்தப் புள்ள எதுக்குப் பாடணும்?"

நல்ல கேள்விதான். அவர் தட்டச்சைத் தொடர்ந்தார். முதல் பாட்டில் குரல் சற்றுத் தயங்கியது, போகப் போக மலர்ந்தது. கல்யாணி விரிந்து பரந்து மண்டபத்தை நிறைத்தது. மிருதங்கம் அளவறிந்து துணை நின்றது. கடைசியில், இந்தப் பெண் பாடுவதை ஒருநாளும் நிறுத்திவிடக்கூடாது என்று ஒரு வரி. அந்த வரி மட்டும் அவர் மனசிலிருந்தே வந்தது. அவளுடைய சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளை அவர் கேட்டிருக்கிறார். நிஜமாகவே நல்ல குரல்.

கல்யாணியை ஏன் எழுதினார் என்றால், முதல் கச்சேரியில் கல்யாணி பாடாதவர்கள் குறைவு.

காப்பி ஆறுவதற்குள் 'ராகத் தராசு' பதில் எழுதிவிட்டது. மன்னிக்கவும், அது கல்யாணியே அல்ல, வாசஸ்பதி. கடைசி வரிசையில் இருந்ததால் இரண்டு ராகத்தையும் பிரிக்கிற அந்த நிஷாத ஸ்வரம் எனக்குத் துல்லியமாகக் கேட்டது என்று கிறிஸ்டோபர் அடித்துச் சொல்லியிருந்தார். பின்னாலேயே கஸ்தூரியம்மாள் வந்தார். நிஷாதம் எதுவாக இருந்தாலும் தனி ஆவர்த்தனம் நீளம், கேசரியில் முந்திரி இல்லை என்பது அவர் தீர்ப்பு.

வைகுண்டராஜுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேரில் கேட்டவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ராகத்தில்தான் சண்டை, கச்சேரியில் இல்லை. கல்யாணிதான் என்று அவரும் மல்லுக்கட்டினார். அப்போது கிறிஸ்டோபர் ஒரு கேள்வி கேட்டார்: உங்களை மண்டபத்தில் எங்கேயும் காணவில்லையே?

எழுதுகிறவருக்கு வார்த்தைக்கா பஞ்சம். மழையில் வந்துசேர நேரமாகிவிட்டது, நடுவில் நுழைந்து பாடுகிறவருக்குத் தொந்தரவு கொடுக்க மனமில்லை, வெளியே நனைந்தபடி நின்றே கடைசி வரை கேட்டேன் என்று போட்டார். போட்டபின் படித்துப் பார்த்தார். தன்மேல் அவருக்கே மரியாதை வந்தது.

அன்று சாயங்காலம் அதன் கீழே சுபாஸ்ரீயே எழுதியிருந்தாள்: "ஐயா, சனிக்கிழமை வீடு திரும்பும்போது இனிமேல் பாடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். இதைப் படித்ததும் அந்த முடிவை மாற்றிக்கொண்டேன். நன்றி."

பூமாரியைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். பூமாரிக்கு முகம் வாடிவிட்டது.

"பொய்யி ஒரு புள்ளயப் பாட வைக்குதுன்னா, அது பொய்யின்னு தெரியிற அன்னைக்கு என்னங்க ஆகும்?"

"யாரு சொல்லப் போறா?"

சொல்ல ஆள் மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். மன்றத்தின் செயலாளர் சுருளிராஜன். தோட்டத்து மோட்டாருக்கு வால்வு வாங்க வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"எந்தக் கச்சேரிய அண்ணாச்சி எழுதிருக்கீக? நான் மதுரையில கல்யாண வீட்டுல இருந்தேன். இங்க மழைன்னு கேள்விப்பட்டு அங்கனருந்தே ரத்துன்னு மன்றத்து வாட்ஸ்அப் குழுவுல போட்டுட்டேனே. ஒருத்தரும் போகல."

"அந்தப் புள்ள?"

"மண்டபத்துக்காரர்ட்ட போன்ல சொல்லிட்டேன், வந்தா திருப்பி அனுப்பிருங்கன்னு."

வைகுண்டராஜ் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு ராகச் சண்டையில் கோபித்துக்கொண்டு அந்தக் குழுவிலிருந்து அவர் வெளியேறி வெகுநாளாகிறது. இனி மல்லுக்கட்ட ஆளில்லை என்று கிறிஸ்டோபரும் வெளியேறினார். நிம்மதி போயிற்று என்று கஸ்தூரியம்மாளும் போய்விட்டார். குழுவில் மிச்சமிருந்தவர்கள் பாட்டைக் கேட்க மட்டும் வருகிறவர்கள். கச்சேரி இல்லை என்பது அவர்களுக்கெல்லாம் தெரியும், எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியாது.

சுபாஸ்ரீயின் நன்றியை மறுபடி படித்தார். இப்போது அது வேறு மாதிரி இருந்தது. மண்டபத்து வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டவள், நடக்காத கச்சேரிக்கு நன்றி சொல்கிறாள். இவ்வளவு பணிவாக யாரும் அவர் மூக்கை உடைத்ததில்லை.

உடனே பதிவை நீக்கினார். அது இன்னும் மோசமாயிற்று. வாசஸ்பதி என்று நிரூபணம் ஆனதும் ஆள் பதிவையே தூக்கிவிட்டார் என்று 'ராகத் தராசு' வெற்றி முழக்கமிட்டது. கஸ்தூரியம்மாளோ பழைய பதிவைப் படம் பிடித்து வைத்திருந்து, அப்படியே தன் பக்கத்தில் போட்டுவிட்டார். சிங்கப்பூர் வாசகர் கல்யாணியின் பக்கம் நின்று கடுமையாக வாதாடினார்.

வேறு வழியில்லாமல் கிறிஸ்டோபருக்குப் போன் செய்தார்.

"சனிக்கிழம நீங்க உள்ள இருந்தீகளா?"

"நீங்க வெளிய நின்னீகளா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

இருவரும் வியாபாரம் எப்படிப் போகிறது என்று விசாரித்துக்கொண்டு போனை வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் சோறு இறங்கவில்லை. ஊர் சிரிப்பதுகூட அவரை அவ்வளவு வருத்தவில்லை. நல்ல குரல் என்று தான் மதிக்கிற ஒரு பெண், தன்னைப் போலி என்று தெரிந்துகொண்டுவிட்டாளே என்பதுதான் உறுத்தியது. கேட்கும் ஆசையில்தான் இதற்குள் வந்தார். எந்தக் காலத்தில் கேட்பதை விட்டு எழுத மட்டும் ஆரம்பித்தார் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

சாயங்காலம் உட்கார்ந்து உண்மையைப் போட்டு உடைத்தார். அந்தக் கச்சேரி நடக்கவே இல்லை. நடக்காததை நடந்ததாக எழுதினேன். நான் மழையில் நனையவும் இல்லை, வெளியே நிற்கவும் இல்லை. வாசகர்களும், முக்கியமாகச் சுபாஸ்ரீயும் மன்னிக்க வேண்டும் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதி ஏற்றினார். பூமாரி படித்துப் பார்த்தாள். காப்பியோடு இரண்டு வடையும் வைத்தாள்.

அவர் வலைப்பூவில் அதுவரை எதற்கும் அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்றார் சிங்கப்பூர்க்காரர். கிறிஸ்டோபர் தன் வாசஸ்பதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கேசரியே இல்லை என்று கஸ்தூரியம்மாளும் ஒத்துக்கொண்டார். மூவரும் மறுபடி குழுவில் சேர்ந்தார்கள். சுபாஸ்ரீயிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. கோபம் தணிய நாளாகும், தணியட்டும் என்று விட்டுவிட்டார்.

புதன்கிழமை காலையில் லேசான மனசோடு கடை திறந்தார். முதல் ஆளாக மைக்செட் பிச்சைமணி வந்து வயர் கேட்டான். மன்றத்துக்கு எப்போதும் அவன்தான் மைக் போடுவான். பாட்டும் தெரியாது, வலைப்பூவும் தெரியாது.

"பழைய வயர் என்னாச்சு?"

"சனிக்கிழமக் கச்சேரியில தண்ணி பூந்துருச்சு அண்ணாச்சி."

வைகுண்டராஜ் சிரித்தார். அதைப் பற்றி இப்போது அவரால் சிரிக்க முடிந்தது. "அதான் நடக்கவே இல்லையே."

"யாரு சொன்னா? ரத்துன்னு எங்கள்ட்ட யாருமே சொல்லல. மண்டபத்துக்காரர் சாவியக் குடுத்துட்டு மழைக்கு முன்னாலயே போயிட்டாரு. கரண்டு இல்ல, பேட்டரியில மைக்கப் போட்டேன். உள்ள ஈ காக்கா கிடையாது. மிருதங்கக்காரவுககூட போதும்மான்னு சொன்னாக. அந்தப் புள்ள கேக்கல. வெறும் நாற்காலியப் பாத்து முழுக்கப் பாடிட்டுத்தான் எந்திரிச்சுச்சு. அழுதுக்கிட்டே பஸ்ஸேறுச்சு."

வைகுண்டராஜ் அளந்த கணக்கை மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பிச்சைமணி வயரை வாங்கி, தானே அளக்க ஆரம்பித்தான்.

"நேத்துக் காலையில கெங்குவார்பட்டிக்கு ஒரு வளைகாப்புக்கு செட்டு போடப் போனேன். அங்கன பாத்தா அதே புள்ள, முகமெல்லாம் சிரிப்பு. வெளிய மழையில நனைஞ்சுக்கிட்டே ஒருத்தர் கடைசி வரைக்கும் கேட்டாராம், கல்யாணின்னுகூட சரியா எழுதிருக்காராம், அந்த ஒருத்தருக்காகவே இனிப் பாடப் போறேன்னுச்சு. அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?"