கலங்கரை விளக்கத்துக் கிழவருக்கு யார் சமைத்தது?

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் நலம் என்பது நீ அன்றாடம் அனுப்பும் படங்களிலிருந்து தெரிகிறது, ஆகவே விசாரிக்கவில்லை. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீ எப்போதும் என்னை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், நான் வாயைத் திறந்தால் உன் வீடு மொத்தமும் கேட்கிறது. கடிதம் என்றால் யாருக்கு எழுதினோமோ அவர் மட்டும் படிப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டதும், லிஃப்ட் இல்லாத அந்த நாலாவது மாடியிலிருந்து அவரைக் கிளப்பி உன் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று நீயும் நானும் பேசி முடித்தோம். அவரைக் கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. நீதான் வழியும் சொன்னாய். "நேரா சொன்னா முரண்டு பிடிப்பார்க்கா. ஏதாவது நாவலைக் குடு. முதுமை, குடும்பம், சமூகம்னு பெரிய கேள்வியா பேச வை. தானா வழிக்கு வருவார்." வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி. புத்தகம் படித்து மனம் மாறிய ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. சமூகவியல் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர்களிலேயே அப்படி யாரும் இல்லை. இருந்தாலும் தம்பி சொன்னானே என்று ஞாயிறு மாலைகளில் அப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு வாசகர் வட்டம் தொடங்கினேன். வட்டம் என்றால் நாலே பேர்: அப்பா, நான், கீழே தையல்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா, இரண்டாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வரி அதிகாரி. வரி அதிகாரிக்குக் கட்டடத்தில் 'நோட்டீஸ்' என்று பெயர். தண்ணீர்த் தொட்டி வழிந்தால் குழாயை மூட மாட்டார், நோட்டீஸ் ஒட்டுவார்.

முதல் புத்தகம், கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ஒரு கிழவரைப் பற்றியது. பிள்ளைகள் கூப்பிட்டும் போகாமல், கடைசியில் ஒரு புயலில் அநாதையாகச் செத்துப்போகிறார். படித்தால் கல்லும் பெட்டியைக் கட்டும் என்று நினைத்துக் கொடுத்தேன். "தனிமை தேர்வா, தண்டனையா?" என்ற பெரிய கேள்வியை எடுத்து வைத்தேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உருகிவிட்டார் என்று நினைத்தேன். "நல்ல சாவு," என்றார். "பொறாமையா இருக்கு." நோட்டீஸ், "அதெல்லாம் சரி சார், வேலைய விட்டப்புறமும் அந்தாள எப்படி அங்க இருக்க விட்டாங்க? அந்தக் கட்டடம் யாரு பேர்ல இருக்கு?" என்றார். அவருக்கு எந்த நாவலும் ஒரு சொத்துத் தகராறுதான். தையல்கடை அம்மா முதல் அத்தியாயமும் கடைசி அத்தியாயமும் மட்டும் படித்துவிட்டு வந்தவர். "அது கெடக்கட்டும். அந்தக் கெழவருக்கு யாரு சமைச்சுப் போட்டது?" என்றார். புரட்டிப் பார்த்தேன். புத்தகம் முழுக்க அடுப்பே இல்லை. அது குறியீட்டு நாவல் என்று விளக்கினேன். "குறியீட்டுக்குப் பசிக்காதா?" என்று அப்பா கேட்டார். "எழுதுறவங்க எதை விட்டுட்டாங்கன்னுதான் மொதல்ல பாக்கணும் போலிருக்கு," என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்து கலைந்தார்கள்.

சரி, பயமுறுத்தினால் நடக்காது, ஆசை காட்டுவோம் என்று அடுத்ததாக, மூன்று தலைமுறை ஒரே வீட்டில் கொஞ்சிக் குலாவி வாழும் தடித்த நாவல் ஒன்றைக் கொடுத்தேன். அப்பா பென்சிலும் கையுமாகப் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பிடித்துக்கொண்டார். "இந்தப் பெரியவர் மொதல் அத்தியாயத்துல உட்கார்றார். அப்புறம் எழுந்திரிக்கவே இல்ல. விருந்தாளி வந்தா 'நீங்க உட்காருங்க'. கல்யாணம்னா 'நீங்க சும்மா உட்காருங்க'. வீடு பத்தி எரிஞ்சாலும் நாற்காலியோடதான் தூக்கிட்டுப் போவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "உன் தம்பி எனக்குன்னு ஒரு நாற்காலி வாங்கி வச்சுப் போட்டோ அனுப்பியிருக்கான். பட்டனை அமுக்கினா காலைத் தூக்கி விடுமாம்." நோட்டீஸ் தேநீரையே பார்த்துக்கொண்டு, "என் பையனும் அதே நாற்காலிதான் சார் பாத்திருக்கான்," என்றார். அதற்குப் பிறகு பெரிய கேள்வி எதையும் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

மூன்றாவதாக நான் செய்ததுதான் முட்டாள்தனம். மாணவப் பருவத்தில் நான் விழுந்து விழுந்து படித்த சமூகவியல் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடும்பத்துக்குள் அதிகாரம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று விளக்கும் புத்தகம். ஒளிந்திருந்ததையெல்லாம் அப்பா இப்போது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார். டாக்டர் சொன்னாரே என்று உப்பு டப்பாவை எடுத்து மேலே வைத்தேன். "உப்பு யாருகிட்ட இருக்கோ அவங்ககிட்டதான் அதிகாரம் இருக்கு," என்றார். மணிக்கட்டுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண் கையைத் தூக்கச் சொன்னால், "இது உன் விருப்பமாம்மா, அமைப்போட விருப்பமா?" என்கிறார். அவள் இரண்டு நாளாக வரவில்லை. போன கூட்டத்தில் தையல்கடை அம்மா, "பையன் வீடு, பையன் வீடுன்னே பேசுறோமே. பொண்ணு வீடுன்னு ஒண்ணு சமூகத்துல கெடையாதா?" என்று பொதுவாகத்தான் கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தேநீர் போட எழுந்து போனேன். தேநீர் ஏற்கெனவே எல்லார் கையிலும் இருந்தது.

ஆகவே, உன் திட்டம் படுதோல்வி. வட்டத்தை இன்றோடு கலைக்கிறேன். அப்பா எங்கும் வரமாட்டார். மாடிப்படியில் ஒரு கைப்பிடி போட்டுத் தருவோம், அவர்பாட்டுக்கு இருக்கட்டும். நாற்காலியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்கள் கையில் புத்தகம் எதையும் கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தை அப்பா வீட்டுக் கூடத்து மேசையில் வைத்துவிட்டு உறை தேட உள்ளே போனேன். திரும்பி வந்தால் அப்பா மற்ற இருவருக்கும் அதை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார். "இந்த வாரப் புத்தகம் இதுன்னு நினைச்சேன்," என்றார், கொஞ்சமும் கூசாமல். தண்ணீர்த் தொட்டி வரிகளை நீக்கச் சொல்லி நோட்டீஸ் ஆட்சேபம் தெரிவித்தார். தையல்கடை அம்மா, "தம்பி வீடு வருது, ஐயா வீடு வருது. எழுதினவங்க வீட்டப் பத்தி மட்டும் ஒரு வரி இல்லையே," என்றார். "எத்தனாவது மாடி?" என்று நோட்டீஸ் கேட்டார். ஆறாவது. லிஃப்ட் உண்டு. பின்னறையில் என் புத்தகங்கள் தனிக்குடித்தனம் நடத்துகின்றன. வேறு வழியில்லாமல், "அப்பா, என்கூட வந்து இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "இந்த ஒரு வரியக் கேக்கவா மூணு புத்தகம் படிக்க வச்சே?" என்றார்.

கடிதத்தைத் தபாலில் போடும் முன்பே வந்துவிட்டார். புத்தகங்கள் நடைபாதையில் கிடக்கின்றன. வட்டம் இனி என் கூடத்தில். லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. உப்பு அப்பாவிடம் இருக்கிறது. இதோ, ஒற்றைக் கையால் சமைக்கிறேன் என்று சமையலறையை ரெண்டுபடுத்துகிறார். உதவப் போனால், "நீ சும்மா உட்காரு" என்கிறார்.

நாற்காலியைத் திருப்பிக் கொடுக்காதே. என் முகவரிக்கு அனுப்பு.